முட்டத்திலிருந்து திருச்செந்தூர் வரை: கல் மணலாகும் கரை

நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். விடியற்காலையில் சூரிய உதயம், அப்புறம் படகேறி விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும், பகவதி அம்மன் தரிசனம், கடைத்தெருவில் சங்கு, பாசிமணி, சாயங்காலம் அஸ்தமனம். சரி, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த முனைக்கு மேற்கே முட்டம் வரையும், வடகிழக்கே திருச்செந்தூர் வரையும் நீளும் கரையை இறங்கி நின்று பார்ப்பவர்கள் குறைவு. நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவன். என் மாணவர்களுக்கு இந்தக் கரையைவிட நல்ல வகுப்பறையை என்னால் காட்ட முடிந்ததில்லை. கரும்பாறை, நிறம் நிறமான மணல், செக்கச் சிவந்த மணல் மேடான தேரி, சுண்ணாம்பு மணற்கல் குன்று என்று தனித்தனி இடங்களாகத் தெரிபவை எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தவை. அந்த உறவைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முட்டத்திலிருந்து தொடங்கலாம். நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திரைப்படங்களில் பார்த்துப் பழகிய இடம்தான். கலங்கரை விளக்கம், செம்மண் மேடு, அதற்குக் கீழே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள். பாறையைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுப்பு. குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வெளுப்பும் கருமையுமாக வரிகள் ஓடும். அந்த வரிகள் நேராகப் போகாமல் வளைந்து, மடிந்து, திரும்பி வரும். வரிகளுக்கு நடுவே பழுப்புச் சிவப்பில், கடுகளவிலும் மிளகளவிலும் மணிகள் பதிந்திருக்கும். அவைதான் கார்னெட். சில இடங்களில் மணி உதிர்ந்துபோய் அது இருந்த குழி மட்டும் மிச்சமிருக்கும். அந்தக் குழியை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் உதிர்ந்த மணி எங்கே போனது என்பதுதான் இந்தக் கரையின் கதை.

பாறையின் வயதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பாறைகள் பூமிக்குள் 20 கிலோமீட்டர் ஆழத்திலோ அதற்கும் கீழேயோ, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கிடந்தன. குமரிப் பகுதிப் பாறைகளில் ஒரு பங்கு, அதற்கும் முன்னால் எங்கோ ஒரு நீர்நிலையில் மணலும் சேறுமாகப் படிந்தவை. அவை ஆழத்துக்குப் போய், வெந்து, அமுங்கி, மறுபடி பளிங்காகித் திரண்டன. கார்னெட் உண்டானது அப்போதுதான். அந்தக் காலத்தில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால்தான் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் மடகாஸ்கரின் தெற்கிலும் இதே குடும்பத்துப் பாறைகளைப் பார்க்கிறோம். முட்டத்திலும் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்திலும் சார்னோகைட் என்ற கரும்பாறையும் நிறைய உண்டு. சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பழக்கமான அதே வகைக் கல்தான்.

ஒரு எச்சரிக்கை. முட்டத்துப் பாறையில் அலை படுகிற இடத்தில் பாசி இருக்கும், பயங்கரமாக வழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், கடல் அமைதியாக இருப்பதுபோல் தோன்றும்போதே ஒரு பெரிய அலை வந்து ஏறிவிடும். படம் எடுக்க விளிம்புக்குப் போய்ப் பிள்ளைகள் உயிரை விட்டிருக்கிறார்கள். ஈரமான கறுப்புப் பாறையில் கால் வைக்காதீர்கள். காய்ந்து வெளுத்த பாறையில் உட்கார்ந்து பார்த்தாலே எல்லாம் தெரியும்.

இப்போது உதிர்ந்த மணிக்கு வருவோம். கரையில் அலை உடைக்கும் பாறையைவிட, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையும் வெயிலும் உடைக்கும் பாறைதான் அதிகம். குழித்துறையாறு, வள்ளியாறு, பழையாறு, அந்தப் பக்கம் நம்பியாறு, தாமிரபரணி என்று சின்னதும் பெரியதுமான ஆறுகள் அந்தத் தூளைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. கடல் அதைப் பிரிக்கிறது. சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸ், தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்றே கூடுதல் எடை. கார்னெட் நான்கு மடங்கு. கறுப்பாக இருக்கும் இல்மனைட் அதைவிடக் கனம், மோனசைட் ஐந்து மடங்கை எட்டும். முறத்தில் அரிசியைப் புடைக்கும்போது பதர் பறந்து அரிசி தங்குகிற மாதிரி, அலை ஏறி இறங்கும்போது வெள்ளை மணல் இழுபட்டுப் போய்விடும், கனமானது கரையில் தங்கிவிடும். மணவாளக்குறிச்சிக் கரையில் காலால் ஒரு சாண் தோண்டினால் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று அடுக்கடுக்காக வரும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டு மணலில் துழாவச் சொல்வேன். கறுப்பு மணலில் ஒரு பகுதி மயிர் சிலிர்த்ததுபோல் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளை மணல் ஒட்டாது. அதைப் பார்த்த மாணவனுக்கு அப்புறம் கனிமப் பிரிப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை.

இந்த மணல் உலகத்தின் கண்ணில் பட்ட விதமும் சுவாரசியமானது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூர்க் கரையிலிருந்து போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. அப்போது காஸ் விளக்கின் மேண்டில் செய்யத் தோரியம் வேண்டும். கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் எரிந்த காலத்தை நினைவுள்ளவர்களுக்கு அந்த வெள்ளை வலை தெரியும். உடனே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. இன்று அங்கே பொதுத்துறை நிறுவனம் இயங்குகிறது. பக்கத்து மாவட்டங்களில் தனியார் தோண்டிய தாது மணல் பெரிய பிரச்சினையாகி, 2013-ல் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. தோரியம் இருப்பதால் இந்தக் கரையில் இயற்கைக் கதிரியக்கம் மற்ற இடங்களைவிட அதிகம் என்பதும் உண்மை. அதனாலேயே இந்த ஊர்களைப் பற்றி விஞ்ஞானிகள் தொடர்ந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. கச்சான் காற்றுக் காலத்தில் கரையை ஒட்டி ஒரு பக்கம் நகரும், வாடைக் காலத்தில் ஓரளவு திரும்பி வரும். இந்தப் போக்குவரத்தை நடுவில் மறித்தால் என்ன ஆகும் என்பதைக் குமரி மாவட்டத்துக் கடலோர ஊர்களில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அலைக்குத் தடுப்பாகக் கருங்கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போடுகிறோம். ஒரு பக்கம் மணல் சேர்கிறது, அடுத்த ஊரில் கரை அரிக்கிறது. அடுத்த ஊர்க்காரர்களும் தூண்டில் வளைவு கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, வீடு போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. 2004 டிசம்பர் 26-ல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நடந்ததைக் கண்ட ஜனங்கள் அவர்கள். ஆனால் அந்தக் கருங்கல் எங்கிருந்து வருகிறது என்றும் யோசிக்க வேண்டும். ஆறு மணலாக்கிக் கொண்டுவர வேண்டிய அதே மலையை உடைத்து, லாரியில் கொண்டுவந்து கடலில் போடுகிறோம். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாகத் தடுப்புப் போடுவதை விட்டுவிட்டு, இரயுமன்துறையிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் ஒரே கரையாக வைத்துத் திட்டம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கன்னியாகுமரி முனையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொட்டலத்தில் விற்கும் நிற மணலுக்கு ஒரு கதை உண்டு. குமரியம்மனின் கல்யாணம் நின்றுபோனதால், சமைக்காத அரிசியும் பருப்பும் மணலாகிக் கிடக்கின்றன என்பார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு மணலைக் கையில் எடுத்தால், சிவப்பில் கார்னெட்டும் கறுப்பில் இல்மனைட்டும் தெரியும். முட்டத்துப் பாறையில் உதிர்ந்துபோன மணியின் உறவுக்காரர்கள் இவர்கள். நேரம் இருந்தால் மருத்துவாழ்மலை ஏறுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகளில் ஒன்று அது. மேலே நின்றால் மலை முடிந்து கடல் தொடங்கும் இடம் முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூடங்குளம், உவரி, பெரியதாழை வழியாகத் திருச்செந்தூர் சுமார் 90 கிலோமீட்டர். இந்த வழியில் என் மனசுக்கு மிக நெருக்கமானது தேரிதான். தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழித் தேரி, நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கம், சாயர்புரம் என்று பல இடங்களில் செம்மணல் மேடு மேடாகக் கிடக்கிறது. சில மேடுகள் பனை உயரத்தையும் தாண்டும். ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்தால் கையெல்லாம் செம்மையாகிவிடும். ஒவ்வொரு மணலின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் அந்த நிறம். கழுவினால் உள்ளே பெரும்பாலும் அதே பழைய குவார்ட்ஸ், கூடவே இல்மனைட், கார்னெட்.

இது எப்படி வந்தது என்பதில் இரண்டு கருத்து உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று, இன்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக் கொண்டுவந்து கடலோரத்தில் இறக்கியது என்பது பழைய விளக்கம். கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல் மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதியெல்லாம் தரையாகக் கிடந்தது, அங்கிருந்த கடல் மணலைக் காற்று கரைக்குத் தள்ளியது என்பது பின்னால் வந்தது. மணலில் இருக்கும் கனிமங்களைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதன் பக்கம் சாயத் தோன்றுகிறது. ஆனால் எல்லாத் தேரியும் ஒரே வழியில்தான் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

தேரியில் மழை பெய்தால் ஓடை ஓடாது. விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் மேட்டின் அடிவாரத்தில் சுனையாகவும், தருவை என்ற ஆழமில்லாத நீர்நிலையாகவும் வெளிப்படும். தேரிக்குடியிருப்பில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போங்கள். சுற்றிலும் அனல் பறக்கும் செம்மணல், நடுவில் மர நிழலும் சுனையும். பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்கோ குடியேறிய குடும்பங்கள் குலதெய்வம் கும்பிட அங்கே வந்து சேரும். முன்பெல்லாம் இந்த மணல் காற்றில் நகர்ந்து வயலை மூடியிருக்கிறது. பனையும் உடைமரமும் கொல்லாமரம் என்ற முந்திரியும் அதைப் பிடித்து நிறுத்தின. பனையை வெட்டினால் மணல் மறுபடி நடக்கத் தொடங்கும்.

தேரியில் மனிதன் மிகப் பழைய காலத்திலிருந்து இருந்திருக்கிறான். கட்டைவிரல் நகத்தளவில் கூர்மையாக்கிய குவார்ட்ஸ் சில்லுகளும், செர்ட் என்ற கெட்டிக் கல்லின் சில்லுகளும் இங்கே கிடைத்தன. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைக் கவனித்தார். தொல்லியலாளர்கள் சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-ல் விரிவாக எழுதினார்கள். அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். கிடந்த இடம் தெரியாவிட்டால் அந்தக் கல்லுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. பரங்கிமலைப் பாறையும், வர்க்கலைச் செங்குன்றும், விசாகப்பட்டினத்துச் செம்மண் மேடுகளும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. குதிரைமொழித் தேரிக்கும் அந்தத் தகுதி வேண்டும். லாரி லாரியாக மண் அள்ளப் போகுமுன் அது நடக்க வேண்டும்.

கடைசியாக மணப்பாடும் திருச்செந்தூரும். இதுவரை கல் மணலானதைப் பார்த்தோம், இங்கே மணல் மறுபடி கல்லாகிறது. மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டியிருக்கும் குன்றின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. கீழே, 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அந்தக் குன்று முழுக்க மணலும் நொறுங்கிய சிப்பியும்தான். சிப்பியிலிருந்து கரைந்த சுண்ணாம்பு, மழைநீரோடு இறங்கி, மணலை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. கடல் அரித்த பக்கத்தில் பார்த்தால் சாய்வான மெல்லிய அடுக்குகள் தெரியும். அந்தச் சாய்வை வைத்து, மணல் குவிந்தபோது காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

திருச்செந்தூரில் வள்ளி குகையும் இதே மணற்கல்லில்தான். கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் ஊறுவதற்குக் காரணம், மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதப்பதுதான். இன்னொன்று: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும்போது கோயில் முன்பு பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். மக்கள் பயந்துபோய் ஆபத்தோ என்று கேட்பார்கள். நீர்மட்டம் இறங்கினால் தெரியும் கடற்கரை மணற்கல் அது, எப்போதும் அங்கேதான் இருக்கிறது. இதே மாதிரிக் கல் கடலுக்கு அடியிலும் நெடுந்தூரம் போகிறது. மீனவர்கள் அதை ‘பார்’ என்பார்கள். மீன் அங்கேதான் அண்டும், முத்துச்சிப்பி வளர்ந்ததும் அப்படிப்பட்ட பார்களில்தான். அடுத்த முறை முருகனைக் கும்பிடப் போகும்போது, தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்து, அந்தப் பாறையில் சிப்பித் துண்டுகளைத் தேடிப் பாருங்கள். கோயில் வாசலில் நிற்கும் மீனவர் யாரிடமாவது, பார் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

நன்றி. வணக்கம்.