போகிறவருக்குப் பெட்டி, இருக்கிறவருக்கு என்ன?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற காவேரிப்பட்டணத்துச் சனங்களே, வணக்கம். வெளிநாடு போவதற்கு முன்னால் செய்கிற ஏற்பாடு பெரிதும் யாருக்குத் தேவை, போகிறவருக்கா, ஊரில் இருக்கிறவருக்கா என்பது தலைப்பு. நான் இருக்கிறவர் கட்சி. விழாக் குழு சீட்டுக் குலுக்கிக் கொடுத்த கட்சி இல்லை ஐயா, நானே கேட்டு வாங்கியது.

ஆசிரியர் அண்ணன் அருமையாகப் பேசினார். வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதே என்றார். எல்லாம் சரி, ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் கட்டிய அந்தப் பெட்டிக்குள் ஒரு பொண்டாட்டிக்கும் இடமில்லை, ஒரு அம்மாவுக்கும் இடமில்லை.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்பியது ஒரு கார்த்திகை மாதம். ஒரு மாதம் வீடு முழுக்க ஏற்பாடுதான். பருப்புப் பொடி அரைத்தோம், புளியைக் கொட்டை எடுத்து உருட்டி வைத்தோம், எடை கூடினால் விமான நிலையத்தில் தண்டம் கட்டணுமே என்று பெட்டியை மாங்காய் மண்டித் தராசில் ஏற்றி மூன்று முறை நிறுத்துப் பார்த்தோம். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு ஏடிஎம் கார்டும் நாலு இலக்க எண்ணும். அவ்வளவுதான் ஐயா என் பெட்டி.

போகிற செலவுக்கு என் ஆரத்தைத்தான் அடகு வைத்தோம், நாலு சவரன், எங்க அப்பா போட்டது. நகை என்னுடையது, அடகுச் சீட்டு அவர் பேரில். அன்றைக்கு வரிசையில் அவர்தான் முன்னால் நின்றார், அவர் ஆதாரைக் கொடுத்தார், எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்துப் பணம் அனுப்பி மீட்டுக்கோ என்றார். மஞ்சப்பையில் பணமும் சீட்டுமாகப் போய் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணு சீட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, "அக்கா, வெச்சவர் வரணும்" என்றது. "அவர் மஸ்கட்ல இருக்கார் கண்ணு." "அப்போ அவர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் வேணும்க்கா, இல்லைன்னா அவர் வந்த பிறகு வாங்க." அந்தப் பொண்ணு மேல் தப்பே இல்லை, வேறு யாரோ சீட்டை நீட்டி என் ஆரத்தை வாங்கிப் போயிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? கையில் பணம் இருக்கிறது, என் நகை பத்தடி தூரத்தில் பெட்டகத்துக்குள் இருக்கிறது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிளம்புகிற அன்றைக்கு ஒரு கையெழுத்து போட்டு வைத்திருந்தால் போதும் ஐயா.

அடுத்தது ஓடிபி. கணக்கு அவருடையது, செல் நம்பர் அவருடையது, அந்த சிம் மஸ்கட்டில் பெட்டிக்கடியில் கிடக்கிறது. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் முதலில் மெசேஜ் நிற்கும், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் நம்பரையே முடக்கி, கொஞ்ச காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். நம் கணக்குக்கு வருகிற ஓடிபி ஊர் பேர் தெரியாதவர் போனில் போய் விழுந்தால் என்ன கதி?

சரி, கணக்கில் என் பேரையும் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்குமே என்பீர்கள். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வேலைக்கென்று வெளிநாடு போய்விட்டால் சாதா சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் இருக்கிறவர் ஊர் வருமானத்துக்கு வைத்துக்கொள்கிற என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்கிறது ரிசர்வ் வங்கி விதி. அங்கிருந்து அனுப்புகிற சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. ஊரில் இருக்கிற மனைவியை இந்தக் கணக்குகளில் சேர்க்கலாம், ஆனால் 'முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில்தான். முதலாமவர் நன்றாக இருக்கிற வரைக்கும் இரண்டாமவர் பணம் எடுக்க முடியாது! அதாவது நான் சுமங்கலியாக இருக்கிற வரைக்கும் செக்கில் என் கையெழுத்து செல்லாது. (சிரிக்காதீங்க, விதியே அப்படித்தான்.) அவர் உயிரோடிருக்கும்போதே நான் அந்தக் கணக்கை இயக்கணும் என்றால் அவர் எனக்குத் தனியாக அதிகாரம் எழுதித் தரணும். அதை யார் எங்களுக்குச் சொன்னார்கள்?

அப்புறம் தோப்பு. ஒன்றரை ஏக்கர் பெங்களூரா மா, பட்டா அவர் பேரில். தை மாதம் பூ எடுத்ததும் குத்தகை பேச வந்தவர் மரத்தை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போட ஆள் இல்லாத தோப்புக்கு இதுதான்மா விலை" என்று ஒரு தொகை சொன்னார். போன வருசத்தில் முக்கால் பங்குகூட இல்லை. அவருக்குப் பதில் நான் கையெழுத்துப் போட அதிகாரம் தருகிற பவர் பத்திரத்தை அங்கிருந்தே எழுதி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம். அவர் லீவு போட்டுத் தூதரகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டு, அது இங்கே வந்து, மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முடிப்பதற்குள் என் மாங்காய் கூழ் ஃபாக்டரிக்குப் போய் டின்னிலேயே அடைந்திருக்கும்.

"போகிறவன் அங்கே மாட்டிக்கொண்டால் குடும்பமே தவிக்குமே" என்றார் அண்ணன். உண்மை. ஆனால் மாட்டிக்கொண்டவனுக்காகத் திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மனுவோடு நிற்பது யார்? அயலகத் தமிழர் நலத்துறைக்கு எழுதிப் போடுவது யார்? பாஸ்போர்ட் நகல், விசா நகல், கம்பெனி முகவரி எங்கே என்று அங்கே நம்மைத்தான் கேட்பார்கள், அதெல்லாம் அவன் பெட்டியோடு விமானம் ஏறியாச்சு. பத்தாவது தேறாமல் வளைகுடா போகிறவர்களுக்குக் கட்டாயக் காப்பீடு ஒன்று இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் பத்து லட்சம். என் வீட்டுக்காரரும் கட்டியிருக்கிறார். அந்தப் பாலிசி நம்பரை நான் பார்த்தது அவர் லீவில் வந்தபோதுதான்!

ஓசூர் தம்பி ஜெர்மனிக்குப் படிக்கப் போக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டதைச் சொன்னார். மாதம் 992 யூரோ தம்பி கைக்கு வருகிற மாதிரி அந்த நாடே ஏற்பாடு செய்துவிட்டது. நல்லது தம்பி. கல்விக் கடனுக்கு வீட்டை ஈடு வைத்துக் கூடக் கையெழுத்துப் போட்ட உங்க அப்பாவுக்கு, தவணை எந்த மாதம் தொடங்கும் என்று சொல்லிவிட்டீர்களா?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன் ஐயா. அவர் லீவில் வந்து மீட்டுக் கொடுத்த ஆரம் இதோ என் கழுத்தில்தான் இருக்கிறது, நடுவர் தாராளமாகப் பார்க்கலாம். அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறார். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பெட்டியை இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பத்திரப்பதிவு ஆபீசில் டோக்கன், தோப்புக்கு என் பேரில் பவர் எழுதுகிறோம்.