பதினைந்து மீட்டர் தூரம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

சிறுவர் கால்பந்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே பெரியவர்கள் செய்யும் அத்துமீறலைத் தடுக்க வல்லது அறிவுரையா, கட்டுப்பாடா என்ற தலைப்பில், கட்டுப்பாடே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், பிள்ளைமேல் வைத்த பாசத்தால்தான் பெற்றோர் கத்துகிறார்கள், உட்கார வைத்து எடுத்துச் சொன்னால் திருந்திவிடுவார்கள், கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவது பெற்ற மனத்தை அவமதிப்பதாகும் என்றார். பாசத்தை நான் மறுக்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் அந்தப் பாசத்துக்குக் காது கேட்பதில்லை என்கிறேன்.

நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். பத்து வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம். ஒரு சிறுவன் பந்தைக் காலில் வாங்கி நிமிர்கிறான். இடப்புறம் அவன் தோழன் தடுப்பார் யாருமின்றித் தனியாக நிற்கிறான். அந்த நொடியில் "அடி, அடி" என்று அப்பாவும், "பாஸ் கொடு" என்று பயிற்சியாளரும் ஒரே நேரத்தில் கத்த, சிறுவன் தோழனையும் பார்க்கவில்லை, கோலையும் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அதற்குள் பந்து பறிபோயிற்று. "கண்ணை எங்கே வைத்திருக்கிறாய்?" என்ற வசவும் அதே இடத்திலிருந்து வந்தது. பருவத் தொடக்கத்தில் பெற்றோருக்கான நடத்தை விதிகளைப் படித்துக் கையெழுத்திட்டவர்தான் அந்த அப்பா. அவர் யாரையும் ஏமாற்றக் கையெழுத்திடவில்லை. தாம் கத்துகிறோம் என்பதே அந்த நேரத்தில் அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் செய்பவரிடம் அறிவுரை எந்த வாசல் வழியே நுழையும்?

நடுவர் அவர்களே, இந்த மேடையில் நீங்கள் சொல்லும் தீர்ப்பைத் தோற்ற அணியும் கைதட்டி ஏற்றுக்கொள்ளும். சிறுவர் ஆட்டத்தில் விசிலோடு நிற்பவரோ பல நேரங்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை. ஓர் ஆஃப்சைடுக்காகத் தன் தகப்பன் வயதுள்ளவர் விரலை நீட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பிள்ளையிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட ஆட்ட விதிகளின்படி பயிற்சியாளருக்கு மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டலாம். வெளியே நிற்கும் பெற்றோருக்குக் காட்ட அட்டை இல்லை. ஆட்டத்தை நிறுத்தலாம், கைவிடவும் செய்யலாம். அப்போது தண்டனை அடைவது ஆட வந்த பிள்ளைகள். ஆகவே கத்துபவரை வெளியேற்றும் பொறுப்பை, அணியை நடத்தும் கால்பந்துக் கழகத்தின் தலையில் வைக்க வேண்டும், தவறினால் கழகமே பதில் சொல்ல வேண்டும் என்கிறோம்.

வாய்ச்சொல்தானே என்று எதிரணியினர் எளிதாகக் கடந்து போனார்கள். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேர நகரில், தன் மகன் ஆடிய ஆட்டத்தில் தன்னார்வமாக எல்லைக்கோட்டுக் கொடியைப் பிடித்த 41 வயது தந்தை, ஆட்டம் முடிந்ததும் எதிரணியினரால் உதைக்கப்பட்டு மறுநாள் இறந்தார். மறு ஆண்டு குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டவர்களில் பதின்ம வயது ஆட்டக்காரர்களோடு, அவர்களில் ஒருவனின் தந்தையும் இருந்தார். இதைச் சொல்லும்போதே எனக்கு மனம் கனக்கிறது. பிள்ளையை விலக்கி அழைத்துச் செல்ல வேண்டிய கை, அங்கே பிள்ளையோடு சேர்ந்து ஓங்கியது.

கட்டுப்பாடு என்றவுடன் சிறையை நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஆகன் நகரப் பகுதியில் 2007 வாக்கில் தொடங்கிய நேர்மை ஆட்ட லீகில், சின்னஞ்சிறு பிள்ளைகள் நடுவரே இல்லாமல் ஆடுகிறார்கள். பந்து வெளியே போயிற்றா, அது ஃபவுலா என்பதைத் தாங்களே பேசி முடிவு செய்கிறார்கள். இரு பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். பெற்றோர் ஏறத்தாழ 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இங்கிலாந்திலும் 2008-இல் தொடங்கிய மரியாதை இயக்கம், பெற்றோரைக் கோட்டிலிருந்து விலக்கி நிறுத்தும் தடுப்புகளைக் கொண்டுவந்தது. பெற்ற மனத்தை அங்கே யாரும் அவமதிக்கவில்லை. கைதட்டலாம், நல்ல ஆட்டத்துக்கு ஆரவாரம் செய்யலாம். பிள்ளையின் காதருகே நின்று ஆட்டத்தை நடத்த மட்டும் இடமில்லை.

அந்தச் சிறுவன் அடுத்த முறை பந்தை வாங்கி நிமிரும்போது, அப்பாவின் முகம் தெரியாத தொலைவில் இருக்கட்டும். இடப்புறம் நிற்கும் தோழன் அவன் கண்ணில் படட்டும். அந்தத் தொலைவைத் தீர்ப்பாகத் தருமாறு தங்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.