உள்ளங்கால் கரும்புள்ளியும் ஒரு மில்லிமீட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. வெள்ளைத் தோலினருக்கே அதிகம் வரும். நம்மைப் போன்ற கருத்த தோலினருக்கு வந்தால், பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோ வருகிறது. கால் ஆணி என்று பிளேடால் சீவுவதிலும், நகச்சுற்று என்று களிம்பு தடவுவதிலும் மாதங்கள் ஓடிவிடுகின்றன. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரலில் கண்டுபிடித்ததும் இந்த நோயைத்தான். 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

பாதத்தில் புதிய கரும்புள்ளி வளர்ந்தாலோ, நகத்தின் கருங்கோடு அகலமாகி அடுத்துள்ள தோலிலும் கருமை இறங்கினாலோ, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். லேசரால் சுட்டெடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். சுட்டுவிட்டால் சோதிக்கத் திசு மிஞ்சாது. மேலாகச் சீவினாலும் ஆழம் தெரியாமல் போகும். சிறிய புள்ளியென்றால், சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் சேர்த்து முழுதாக எடுத்து, ஃபார்மலினில் போட்டுப் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது 'பிரெஸ்லோ' தடிமன், அதாவது கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற அளவு. அடுத்தது, மேல்தோல் புண்ணாகியிருக்கிறதா என்பது. தடிமன் 1 மில்லிமீட்டருக்குள் இருந்து, நெறி கட்டும் இடமான நிணநீர் முடிச்சுக்கும் பரவாதிருந்தால், 10 ஆண்டுகளில் இந்த நோயால் இறக்காதவர்கள் சுமார் 98 சதவீதம். 4 மில்லிமீட்டரைத் தாண்டிப் புண்ணும் இருந்தால், முடிச்சு சுத்தமாக இருந்தாலும் அது 75 சதவீதமாகிறது. இவை பெரும்பாலும் வெள்ளையர்களிடம் எடுத்த கணக்குகள். உள்ளங்கால் வகையில் பலன் இதைவிடக் குறைவு. தாமதமாகக் கண்டுபிடிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பிறகு, அதே இடத்தை அகலமாக வெட்டியெடுப்பார்கள். 1 மில்லிமீட்டர் வரை என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர்; 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 2 சென்டிமீட்டர்; இடைப்பட்டதற்கு இரண்டுக்கும் நடுவே. இந்தக் கட்டத்தில் காலையே எடுக்க வேண்டுமோ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். உள்ளங்காலில் தையல் கூடாவிட்டால் தோல் ஒட்டு வைப்பார்கள்.

தடிமன் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால், நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நிணநீர் முடிச்சையும் அதே அறுவையில் எடுத்துச் சோதிப்பது நல்லது. 0.8 மில்லிமீட்டரிலேயே, அல்லது புண் இருந்தால் அதற்கும் குறைவிலேயே, இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அகலமாக வெட்டிய பிறகு நிணநீர் ஓடும் வழி மாறிவிடலாம்; அப்போது சரியான முடிச்சைக் கண்டுபிடிப்பது கடினம்.

மெல்லிய கட்டிக்கு அறுவையே போதும், கீமோ தேவையில்லை. அறிக்கையோடு, எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் ஸ்லைடுகளையும் வாங்கி வையுங்கள்; தடிமனை இன்னொரு நிபுணர் மறுபடி அளக்க அவைதான் வேண்டும். காலில் வந்தவர்கள் மாதம் ஒருமுறை குளிக்கும்போது தொடை இடுக்கைத் தடவிப் பாருங்கள். நெறி கட்டியிருந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.