இரைப்பையில் போட்ட பேண்டைத் தளர்த்தினால் எடை பழையபடி ஏறிவிடுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கமுங்க. வந்திருந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்குத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். காங்கேயம் பக்கமிருந்து ஒரு அம்மா குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதை அப்படியே படிக்கிறேன்.

"டாக்டருங்க, எடை குறையறதுக்கு வயித்துல பேண்ட் போட்டு எட்டு வருசமாச்சுங்க. 108 கிலோ இருந்தவ 82க்கு வந்தனுங்க. கொஞ்ச நாளா ராத்திரி படுத்தாப் போதும், புளிச்ச தண்ணி எதுக்களிச்சு இருமல். போன மாசம் பேண்டுல இருந்த தண்ணியப் பூராவும் எடுத்துட்டாங்க. இருமல் நின்னுபோச்சுங்க. ஆனா பசிக்குது. அதுக்குள்ள 3 கிலோ ஏறிப்போச்சு. ஒறம்பரைல ஒருத்தர் 'என்ன அம்மணி, மறுபடி பூசுனாப்புல இருக்கறே'ங்கறாங்க. தை மாசம் கொழுந்தனார் பையன் கல்யாணம் இருக்குதுங்க. அதுக்கு முன்னாடி மறுபடி இறுக்கிக்கலாமுங்களா?"

சரி. பேண்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இதைக் கேட்பீர்கள், அதனால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போடும் சிலிக்கான் வளையம் அது. வளையத்தின் உள்பக்கம் ஒரு பலூன் இருக்கும். அதிலிருந்து ஒரு சின்ன டியூப் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்திருக்கும் போர்ட்டில் சேரும். போர்ட்டில் ஊசி போட்டு சலைன் என்கிற உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும். லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன் வழியாக இதை முதலில் போட்டது 1993ல், பெல்ஜியத்தில். நம் ஊரிலும் ஒரு காலத்தில் நிறையப் போட்டார்கள். இப்போது பெரும்பாலும் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ், சாப்பாட்டைக் குடலுக்கு மாற்றுப்பாதையில் விடும் பைபாஸ் என்று போய்விட்டார்கள். ஆனால் அப்போது பேண்ட் போட்டுக்கொண்டவர்கள் இன்னும் அதோடுதான் இருக்கிறார்கள். அவர்களைக் கவனித்துப் பேசுகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

இப்போது அம்மா கேட்டதற்கு வருகிறேன். தண்ணியை எடுத்தது சரியான முடிவுங்க. அதில் சந்தேகமே வேண்டாம். ராத்திரி எதுக்களித்து இருமல் வருகிறது என்றால், உணவுக்குழாயில் தேங்கியது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். அது நுரையீரலில் சளிக்காய்ச்சலாக மாறலாம். அதே இறுக்கத்தில் வருடக்கணக்காக விட்டால் உணவுக்குழாயே விரிந்து தளர்ந்துபோகும். தலைக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்த வாக்கில் தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் முன்னாடியே வரவில்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "வந்தால் தண்ணியை எடுத்துவிடுவீர்கள், எடை ஏறிவிடுமே." அந்தப் பயம்தான் இங்கே பெரிய ஆபத்து. 3 கிலோவை விட அதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

அந்த 3 கிலோவையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு மாதத்தில் 3 கிலோவும் கொழுப்பாகவே ஏறியிருந்தால், நாள்தோறும் 770 கலோரி அளவுக்கு மிச்சமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். நடக்காது என்று சொல்ல மாட்டேன். பொழுதோட பேக்கரிக்குப் போய் ஒரு தேங்காய் பன், ஒரு பப்ஸ், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ என்றால் பாதிக்கு மேல் அங்கேயே வந்துவிடும். ஆனால் இத்தனை நாள் அரை வயிறாக இருந்தவர் முழுச் சாப்பாட்டுக்கு வரும்போது, குடலில் உணவின் எடை கூடும், உடம்பில் உப்பும் நீரும் சேரும். அதுவும் தராசில் தெரியும். அதனால் தினமும் தராசில் ஏறி இறங்க வேண்டாம். வாரத்தில் ஒரே கிழமை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். நாலு வாரம் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

அப்புறம் பசி. "எனக்கு நாக்கு அடங்கவில்லை" என்று பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அப்படி இல்லைங்க. வாய்க்கால் மடையை அடைத்தது மாதிரி சாப்பாடு மேலேயே தேங்கி நிற்கும், அதனால்தான் வயிறு நிறைகிறது என்று நினைக்கிறோம். ஆனால் சரியாக இறுக்கிய பேண்டில் சாப்பாடு தேங்காது. ஒவ்வொரு வாயும் இரண்டு மூன்று தள்ளலில் கீழே போய்விடும். அப்படிப் போகும்போது வளையம் இருக்கும் இடத்தில் விழும் அழுத்தம்தான் நரம்பு வழியாக மூளைக்குப் 'போதும்' என்று சொல்கிறது. தண்ணியை எடுத்ததும் அந்தச் சேதி நின்றுபோகிறது. ஆகவே பசி திரும்புவது உடம்பின் வேலை, உங்கள் ஒழுக்கக் குறைவு அல்ல. ஒளிக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன்: முழுக்கத் தளர்த்திய பேண்டை அப்படியே மாதக்கணக்கில் விட்டால் பெரும்பாலோருக்கு எடை ஏறத்தான் செய்யும். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து அவசரமாக இறுக்கிக்கொள்வது அல்ல.

ஏனென்றால் அளவுக்கு மேல் இறுகிய பேண்டும் எடையை ஏற்றும். கேட்க விசித்திரமாக இருக்கும். இறுக்கம் கூடினால் எது இறங்கும், எது சிக்கும் என்று பாருங்கள். கோழிக்கறித் துண்டு சிக்கும், சப்பாத்தி சிக்கும், கொண்டைக்கடலை சிக்கும். நெய் ஊற்றிக் குழைத்த அரிசி பருப்புச் சோறு வழுக்கிக்கொண்டு இறங்கும். ஐஸ்கிரீம் இறங்கும், ஜூஸ் இறங்கும், வாயில் கரைகிற மைசூர்பாகு ஒரு தடையும் இல்லாமல் இறங்கும். நம் உடம்புக்கு எது வேண்டாமோ அதற்கெல்லாம் வழி திறந்தே இருக்கும். நீங்களும் இந்தக் கடைசி மாதங்களில் இப்படித்தான் சாப்பிட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

அதனால் பேண்ட் தளர்ந்திருக்கும் இந்த வாரங்களை நல்லபடியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கெட்டியான, மென்று தின்கிற சாப்பாடு இப்போது இறங்கும். தட்டில் முதலில் புரதத்தை எடுங்கள், சோறு கடைசியில். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல் கிடைக்கும். நம் பக்கத்துக் கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் வரை உண்டு. ஆனால் கொள்ளு ரசம் குடித்துவிட்டுப் புரதம் சாப்பிட்டேன் என்று கணக்கு எழுதாதீர்கள். ரசத்தில் மணம்தான் இருக்கும், பருப்பைக் கடைந்து சாப்பிட்டால்தான் உண்டு. பச்சைப்பயறு, தட்டைப்பயறும் அப்படியே. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க வேண்டாம், அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பொழுதோட பேக்கரியில் போய் நிற்பதுதான் நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் வினை. இரண்டு முட்டையோடு காலையை ஆரம்பித்தால் அந்தப் பக்கம் கால் போவதே குறையும். வெறும் சூப்பைக் குடித்து எடையைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். நாலாம் நாள் பசி வட்டியோடு வரும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், சாப்பாட்டின் அளவு மாறும்போது சர்க்கரையைப் பரிசோதித்து மருந்தின் அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேண்ட் போட்டிருக்கும் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். எச்சில்கூட விழுங்க முடியவில்லை, விடாமல் வாந்தி, மேல்வயிற்றில் கடுமையான வலி என்றால் பேண்ட் நழுவியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது. வாரக்கணக்காக வாந்தி எடுத்தவருக்குக் கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது வந்தால் அது தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான். போர்ட் இருக்கும் இடம் திடீரென்று சிவந்து சீழ் கோத்தால் மேலுக்கு மருந்து போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போனதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

மறுபடி இறுக்கலாமா என்று கேட்டீர்கள். இறுக்கலாம், ஆனால் முதலில் எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே பார்ப்பார்கள். பேண்ட் இடத்தில் இருக்கிறதா, வளையத்துக்கு மேலே இருக்கும் இரைப்பைப் பகுதி வீங்கியிருக்கிறதா, உணவுக்குழாய் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டதா என்று அதில் தெரியும். பொதுவாகத் தளர்த்தி நாலு முதல் ஆறு வாரம் கழித்து இதைச் செய்வார்கள். எல்லாம் சரியாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எடுத்ததை எல்லாம் ஒரே தடவையில் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ஏற்றியதும் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். மடக் மடக்கென்று இறங்கினால் சரி. நெஞ்சில் நின்று திரும்பினால் அங்கேயே கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். தண்ணீர் இறங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். "பரவாயில்லைங்க, பழகிரும்" என்று எழுந்து வந்துவிடுகிற ஆட்கள் நம் ஊரில் அதிகம்.

ஏற்றியும் எதுக்களிப்பு திரும்பி வருகிறது என்றால் இந்தப் பேண்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை என்பது என் கருத்து. எடுத்துவிட்டு வேறு அறுவை சிகிச்சைக்கு மாறலாம். எதுக்களிப்பு உள்ளவருக்கு ஸ்லீவை விட பைபாஸ் பொருந்தும், ஏனென்றால் ஸ்லீவில் எதுக்களிப்பு கூடலாம். செமாகுளுட்டைடு, டிர்செபடைடு என்று இப்போது பேசப்படும் ஊசிகளும் பசியைக் குறைக்கும். ஆனால் அவையும் குமட்டல், வாந்தியைக் கொண்டுவரக் கூடியவை, நிறுத்தினால் எடை திரும்பவும் ஏறும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் பேண்டைப் பார்க்கும் டாக்டருக்குத் தெரிந்துதான் எடுக்க வேண்டும்.

கல்யாண விஷயம். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் மட்டும் இறுக்கிக்கொள்ளாதீர்கள். புதிதாக ஏற்றிய பேண்டோடு பந்தியில் உட்கார்ந்து, ஒறம்பரை வற்புறுத்தலில் அவசரமாக இரண்டு வாய் விழுங்கினால் சிக்கிக்கொள்ளும், மண்டபத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டிவரும். எக்ஸ்ரே நன்றாக இருந்து, கல்யாணத்துக்கு மூன்று நாலு வாரம் இருந்தால் முன்னாடியே ஒரு சின்ன அளவு ஏற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மறுவீடு எல்லாம் முடிந்த பிறகு போங்கள். போகும்போது பேண்ட் போட்ட அன்று கொடுத்த அட்டையையும் பழைய ஃபைலையும் கையோடு எடுத்துப்போங்கள். சில பேண்ட் 4 மில்லி பிடிக்கும், சில 14 மில்லி வரை பிடிக்கும். உங்களுக்கு எந்த வகை போட்டிருக்கிறது, போன மாதம் எத்தனை மில்லி எடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் புதிதாகப் பார்க்கிற டாக்டர் ஊசியைக் கையில் எடுப்பார்.