பாட்டை வெளியே நிறுத்திய வீணைக்காரர்

(புதுச்சேரியில் 'அந்த நாள்' திரையிடலுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கல்ட் படம், அதாவது ஒரு சின்னக் கூட்டம் விடாமல் கொண்டாடுகிற படம் என்றதும் ஹாலிவுட் பட்டியலை எடுக்கிற இளைஞர்களிடம் எஸ்.பாலசந்தரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீணை பாலசந்தர். கே.பாலசந்தர் வேறு ஆள். இதைச் சொல்லாவிட்டால் கடைசியில் கேள்வி வரும்!

1934-இல் 'சீதா கல்யாணம்' படத்தில் சின்னப் பையனாக நடித்தவர். அதில் இவருடைய அண்ணன் ராஜம்தான் ராமன், அக்கா ஜெயலட்சுமி சீதை. இன்றைக்கு அப்படி எடுத்தால் வாட்ஸப்பில் சும்மா விடுவார்களா? அப்புறம் வளர்ந்து நாயகனாக நடித்தார். 1948-இல் இயக்குநரும் ஆனார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

1954 ஏப்ரல். நம்ம ஊரில் இன்னும் பிரெஞ்சு ஆட்சி. இந்தியாவோடு சேர்வதா என்று கீழூரில் வாக்களிக்க ஆறு மாதம் பாக்கி. பாலசந்தர் இயக்கிய ஏவி.எம்.மின் 'அந்த நாள்' வருகிறது. 1943-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்துக் கதை. துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். படம் ஆரம்பித்த உடனே! 'பராசக்தி'க்குக் கைதட்டிய ஜனங்கள் என்ன செய்வார்கள்? வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி.யாக வந்து வீட்டாரை விசாரிக்கிறார். ஆளுக்கு ஆள் நம் சந்தேகம் இடம் மாறுகிறது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நாடகத்தில் பாட்டாகப் பொழிந்த சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இங்கே கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. அந்த ருசியில் வளர்ந்த ரசிகர் 'டிக்கெட் காசு போச்சு' என்று முனகியிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்தது, வசூல்தான் கிடைக்கவில்லை.

பாட்டை எடுத்ததைத் துணிச்சல் என்கிறார்கள். எனக்கு அது நல்ல காது உள்ளவர் எடுத்த முடிவாகப் படுகிறது. நடுவில் ஒரு பாட்டு வந்தால் சந்தேகத்தின் சூடு ஆறிவிடும் என்பது சங்கீதக்காரருக்குத் தெரியாதா? மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகங்கள் பாதி இருட்டில் கிடக்கின்றன. பாலசந்தர் நடிகராக இருந்தவர் என்பதால் அந்த இருட்டுப் பாதியையும் நடிக்க வைத்துவிடுகிறார்.

1964-இல் வந்த 'பொம்மை'யில் பாட்டுக்கு மறுபடி இடம் கொடுத்தார். யேசுதாஸின் ஆரம்பகாலத் தமிழ்ப் பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. குண்டு வைத்த பொம்மை ஊரெல்லாம் கைமாறுகிறது. கதை முடிந்த பிறகு, படத்தில் வேலை செய்தவர்களைத் திரையிலேயே நிறுத்தி அறிமுகம் செய்கிறார். இந்தக் குறும்புக்காகவே ஒரு சின்னக் கூட்டம் இன்னும் அவர் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறது. 1970-இல் 'நடு இரவில்'. அதோடு இயக்கத்தை விட்டு வீணையோடு இருந்துவிட்டார்.

விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள், கொலைகாரர் யார் என்று பக்கத்து நாற்காலிக்குச் சொல்லிவிடாதீர்கள்.