ஸ்லோ ஸ்பீடில் உதறும் பழைய பிக்கப்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிக்கப் வண்டியை வைத்துப் பிழைப்பவர்களுக்காகப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். எதைப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஸ்லோ ஸ்பீடில் வண்டி உதறுவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். டீக்கடை வாசலில் என்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருப்பீர்கள். கியர் கம்பி தானாக ஆடும். பக்கக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் இரண்டாகத் தெரியும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று நாமும் விட்டுவிடுகிறோம். விடக்கூடாது. என்ஜினுக்குள் இருக்கும் கோளாறு முதலில் தலைகாட்டும் இடம் ஸ்லோ ஸ்பீடுதான்.

நான் சொல்வது டாடா 207, பழைய பொலேரோ பிக்கப் போன்ற நான்கு சிலிண்டர் டீசல் வண்டிகளை. கம்ப்யூட்டர் இல்லாத, டீசலை அழுத்தித் தள்ளும் பம்பும், அதை சிலிண்டருக்குள் பீச்சும் நாசிலுமாக மட்டும் ஓடும் வண்டிகள். 2005-இல் வந்த டாடா ஏஸ் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அதில் இருப்பது 702 சிசி, இரண்டே சிலிண்டர். புதிதிலேயே கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்பு ஆடியதைவிட இப்போது அதிகமாக ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏன் ஸ்லோ ஸ்பீடில் மட்டும் உதறுகிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். என்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்றால், நான்கு சிலிண்டரும் சேர்ந்து ஒரு நொடிக்கு 25 முறை டீசலை எரிக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு 90,000 முறை. அந்த ஒரு மணி நேரத்தில் செலவாகும் டீசலோ ஒரு லிட்டருக்கு உள்ளே. பங்கிட்டுப் பாருங்கள். நாசில் ஒரு முறை பீச்சுவது ஒரு முழுச் சொட்டுகூட இராது. அவ்வளவு குறைந்த அளவில் ஒரு சிலிண்டருக்கு இம்மி குறைந்தாலும் என்ஜின் தடுமாறும். வேகம் கூடினால் பீச்சும் அளவும் கூடும், என்ஜினைச் சீராகச் சுற்ற வைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் வேகமும் கூடும், குறை மறைந்துவிடும். மறைகிறது, சரியாவதில்லை.

அதனால்தான் ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உதறும் வண்டியோடு வந்தவரைப் பத்தே நிமிடத்தில் சிரித்த முகமாக அனுப்பிவிடலாம். அவர் டீசலுக்குக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒழுகும் நாசிலாக இருந்தால், அந்த டீசல் லைனரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் தலையே எரிந்து ஓட்டை விழுந்த என்ஜின்களை நான் பிரித்திருக்கிறேன். உங்கள் மெக்கானிக் முதலில் அந்த ஸ்குரூவில் கை வைத்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது காற்று. பம்பைக் கழற்றுவதற்கு முன்னால், நாசிலைக் கழற்றுவதற்கு முன்னால், காற்று. டீசலை அழுத்தினால் அது நாசிலைத் திறக்கும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக் கொடுக்கும், நாசில் திறக்காது. ஒரு குமிழி போதும், ஒரு சிலிண்டர் ஒரு முறை வேலை செய்யாமல் போவதற்கு.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லோடு அடிக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வண்டி உதறுகிறது, சில நேரம் சிக்னலில் நின்றே போகிறது என்றார். அதற்குள் வேறு இடத்தில் நாசில் சர்வீஸ் ஆகிவிட்டது, பம்பும் இறக்கி ஏற்றியாகிவிட்டது. கையிருப்பு எல்லாம் போய்விட்டது. நான் பானெட்டைத் திறக்காமல் பேச்சுக் கொடுத்தேன். எப்போது உதறுகிறது, காலையிலா, லோடு ஏற்றிய பிறகா, மேட்டிலா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எதற்கும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் அவராகவே சொன்னார்: "அண்ணே, டேங்கை நிரப்பிவிட்டால் நன்றாக ஓடுகிறது. பாதிக்குக் கீழே இறங்கினால்தான் இந்தத் தொல்லை."

எனக்கு அது போதுமாக இருந்தது. இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை. பம்புக்கு வரும் ட்யூபைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரியும்படி கண்ணாடி போன்ற ட்யூபை மாட்டினேன். என்ஜினைப் போட்டதும் இருவரும் குனிந்து பார்த்தோம். வெளிர் மஞ்சள் டீசலுக்குள் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான்கைந்து சேர்ந்து போகும்போதெல்லாம் என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு அந்த ட்யூபின் மறுமுனையையும் மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ட்யூபையும் பக்கத்தில் வைத்த சுத்தமான டீசல் கேனில் விட்டேன். காற்று வெளியேறியதும் என்ஜின் அமைதியானது. ஆக, பம்பும் நாசிலும் நன்றாகத்தான் இருந்தன. கோளாறு டேங்க் பக்கம்.

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். பாதி உயரத்தில் துரு தின்று ஒரு ஊசித்துளை. இளநீர் குடிக்கும் குழலில் நடுவே ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? அதேதான். டீசல் மட்டம் துளைக்கு மேலே இருக்கும்வரை துளை வழியாகவும் டீசல்தான் வரும். மட்டம் இறங்கியதும் காற்று வரும். குழாயை மாற்றினோம், பில்டர் போட்டோம், வண்டி சந்தைக்குப் போய்விட்டது.

இதில் ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே போகலாம். காற்று உள்ளே போகும். "எங்கும் ஒழுகவில்லையே" என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். ஒழுகாது. மறுபடியும் சொல்கிறேன், ஒழுகாது. வெயிலில் வெடித்த ரப்பர் ட்யூப், தளர்ந்த கிளிப், திரும்பத் திரும்பப் போட்ட பழைய காப்பர் வாஷர் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஒரு வாஷரின் விலை என்ன, பம்பை இறக்கி ஏற்றும் கூலி என்ன?

காற்று இல்லை, பில்டரும் புதிது, இன்னும் உதறுகிறது என்றால் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப் நட்டை ஸ்பானரால் சற்றுத் தளர்த்தி, உடனே இறுக்க வேண்டும். தளர்த்தியதும் என்ஜின் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால், திருடன் அங்கேதான். அந்த நாசிலை எடுத்துப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் நாசில் கெட்டிருக்கிறது. மாறாமல் அங்கேயே நின்றால் வால்வு, ரிங், கம்ப்ரஷன் பக்கம் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதை ஒருநாளும் செய்யக்கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற டீசல் வண்டிகளில் இருப்பது காமன் ரெயில்தான், அதற்கு முன்பே வந்தவையும் பல உண்டு. அந்தப் பைப்பில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பழைய வண்டியிலும் நாசில் பீச்சும் இடத்துக்கு நேரே கையைக் காட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம்போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புகையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை, எரியாத டீசல். கறுப்பு, அதிகமாகப் பீச்சுவது அல்லது ஏர் பில்டர் அடைப்பு. நீலம், என்ஜின் ஆயில் எரிகிறது. வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைக் கம்பெனி புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள், காது கணக்கில் வேண்டாம். சத்தம் சீராக இருந்தும் கேபின் மட்டும் ஆடினால் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள், பிய்ந்திருக்கும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வணக்கம்.