பிரிஸில்நோஸ் கெளுத்தி: முட்டையிட வைப்பது எளிது, குஞ்சுகளை வளர்ப்பதே வேலை

[காட்சி: பல மீன்கள் நீந்தும் தொட்டி. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேயும் ஓர் ஆண் பிரிஸில்நோஸ்.]

வணக்கம். டெட்ரா, கப்பி, கோரிடோராஸ் எல்லாம் கலந்து வாழும் தொட்டியிலேயே பிரிஸில்நோஸ் கெளுத்தி முட்டையிடுமா? இடும். ஹார்மோன் ஊசி வேண்டாம், தனித் தொட்டியும் வேண்டாம். சரியான அளவில் ஒரு பொந்து, நல்ல சாப்பாடு, குளிர்ந்த தண்ணீர் ஆகிய மூன்றும் அமைந்தால் போதும், மற்றதை ஆண் மீன் பார்த்துக்கொள்ளும். சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பலருடைய தொட்டியில் குஞ்சு பொரிக்கிறது. ஒரு மாதம் கழித்துத் தேடினால் இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருக்கின்றன. ஆகவே இந்த வீடியோவில் பாதி நேரத்தைக் குஞ்சுகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில், வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. ஆன்சிஸ்ட்ரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இந்த மீனின் தாயகம் தென் அமெரிக்கா. முழுதாக வளர்ந்தாலும் 10 முதல் 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். இங்கே ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீன் இதற்கு உறவுதான் என்றாலும், அது ஓர் அடியைத் தாண்டி வளரும். குட்டியாக இருக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். முதுகுத் துடுப்பை விரிக்கும்போது கதிர்களை எண்ணிப் பாருங்கள். பிரிஸில்நோஸுக்கு ஏழெட்டு இருக்கும். பத்துக்கு மேல் எண்ண முடிந்து, துடுப்பும் பாய்மரம்போல் உயர்ந்து நின்றால் அது சக்கர்.

[காட்சி: மேலிருந்து எடுத்த நெருக்கக் காட்சி. ஆணும் பெண்ணும் அருகருகே.]

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய மூக்கைப் பாருங்கள். ஆணுக்கு மூக்கிலிருந்து நெற்றி நடுவரை சதைப்பற்றான இழைகள் வளர்ந்து, நுனியில் கிளை பிரிந்திருக்கும். பெண்ணுக்கு அவை இருக்காது. இருந்தாலும் வாயோரத்தில் குட்டையாக ஒரு வரிசை மட்டுமே. முட்டை சுமக்கும் பெண்ணை மேலிருந்து பார்த்தால் வயிறு இருபுறமும் புடைத்துத் தெரியும்.

இந்த இழைகள் எதற்கு என்பதற்கு 1999-இல் சபாஜ், ஆர்ம்ப்ரஸ்டர், பேஜ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அழகான ஒரு கருதுகோளை வைத்தார்கள். ஏற்கெனவே குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருக்கும் ஆணைப் பெண் மீன்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது பல மீனினங்களில் காணப்படுகிறது. ஆணின் முகத்தில் நெளியும் இழைகள் குஞ்சுகளைப்போலத் தோன்றுவதால், ‘இவன் பொறுப்பான தகப்பன்’ என்று பெண் நம்புகிறதாம். தொட்டியில் இந்த ஆண் நடந்துகொள்ளும் விதத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த நம்பிக்கை வீணில்லை என்பது உங்களுக்கே புரியும்.

கடையில் மூன்று சென்டிமீட்டர் குட்டிகளாக இருக்கும்போது ஆண், பெண் தெரியாது. அதனால் ஆறு குட்டிகளை வாங்குங்கள். ஆறும் ஒரே பாலாக அமைந்துவிடும் வாய்ப்பு 32-இல் ஒன்றுதான். வளர்ந்தபின் ஓர் ஆண், இரண்டு பெண்கள் என வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடலாம். சிறிய தொட்டியில் இரண்டு ஆண்கள் வேண்டாம். பொந்துக்காகக் கடுமையாகச் சண்டையிடும். தொட்டி 80 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இனப்பெருக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு வயது ஆக வேண்டும், அவசரப்பட முடியாது.

[காட்சி: மேசைமேல் பிவிசி குழாய், எண்ட் கேப், உப்புத்தாள்.]

இனி பொந்து. வெற்றி, தோல்வி பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஆண் மீன் உள்ளே நுழைந்தால் இரு பக்கமும் அதன் துடுப்புகள் சுவரைத் தொட வேண்டும். அவ்வளவு இறுக்கமான இடத்தைத்தான் அது தன் இடமாக ஏற்கும். பெண்ணை உள்ளே வரவழைத்து, வாசலை உடம்பால் அடைத்து, முட்டையிடும்வரை வெளியே விடாமல் வைத்திருப்பது அதன் வழக்கம். அகலமான குகையில் அது நடக்காது.

ஹார்டுவேர் கடையில் ஒன்றரை அல்லது இரண்டு அங்குல பிவிசி குழாயை 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். ஒரு முனையை எண்ட் கேப் போட்டு மூடுங்கள். பசை தேவையில்லை, அழுத்தினாலே நிற்கும். உள்பக்கம் வழவழவென்று இருந்தால் முட்டைக் கொத்து பிடித்து நிற்காது. உப்புத்தாளால் நன்றாகச் சுரசுரப்பாக்குங்கள். வெட்டிய விளிம்பையும் தேய்த்துவிடுங்கள், கூராக இருந்தால் மீனைக் கீறும். தண்ணீருக்குள் வைக்கும்போது குழாயைச் சாய்த்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, மேலே ஒரு கல்லை வைத்து அசையாமல் நிறுத்துங்கள். வாசல், தொட்டியின் பக்கக் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி அதைப் பார்த்திருந்தால் மற்ற மீன்களின் தொந்தரவு குறையும், நமக்கும் உள்ளே பார்க்க முடியும். கொட்டாங்கச்சியையும் மண்கலயத்தையும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. என் தேர்வு குழாய்தான், ஏனென்றால் குஞ்சுகளோடு அப்படியே தூக்க முடிகிறது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது பிடிவாதமான மீனில்லை. பிஎச் 6-இலிருந்து 7.5 வரை எதுவானாலும் வாழும், ஓரளவு கடினமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் ஒத்துப்போகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி-குளோரின் விட்ட பிறகே ஊற்றுங்கள். நம் ஊரில் உண்மையான தடை வெப்பம். இதற்கு ஏற்றது 23 முதல் 27 டிகிரி. சென்னையில் மே மாதத்துத் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போய்விடும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், பொந்துக்குள் இருக்கும் முட்டைகள்தான் முதலில் பாதிக்கப்படும். மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின்மீது ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஏர் பம்பை நிறுத்தவே கூடாது.

முட்டையிடத் தூண்டுவது மழையின் அறிகுறி. குளிர்ந்த புதுத் தண்ணீர் வந்தால் மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று இந்த மீன்கள் எடுத்துக்கொள்கின்றன. தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியான தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நன்கு ஆறியிருப்பது அதிகாலையில்தான், அப்போது மாற்றுங்கள். வாரம் ஒருமுறை இப்படிச் செய்யலாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது தொட்டி தானாகவே குளிரும். முதல் முயற்சிக்கு அந்த மாதங்களையே பரிந்துரைப்பேன்.

அதற்கு முன் சில வாரங்கள் பெண் மீனுக்கு நல்ல தீனி வேண்டும். பாசி மட்டும் தின்றால் முட்டை கட்டாது. வெள்ளரி, சுரைக்காய், பூசணி ஆகியவற்றைத் தோல் சீவி, லேசாக வேகவைத்து, ஒரு எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இரவில் இறக்குங்கள். காலையில் மீதியை எடுத்துவிடுங்கள். வாரம் இரண்டு முறை உறைந்த இரத்தப்புழு அல்லது இறால் துணுக்கு கொடுக்கலாம். தொட்டியில் ஒரு டிரிஃப்ட்வுட், அதாவது தண்ணீரில் ஊறிய மரத்துண்டு, இருக்கட்டும், எந்நேரமும் அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

[காட்சி: குழாயின் வாசல் வழியாக உள்ளே. ஆணின் வால் அசைகிறது. அதற்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கொத்து.]

ஆண் நாள் முழுவதும் குழாயை விட்டு வெளியே வராமல், சாப்பாட்டுக்கும் வராமல் இருந்தால், டார்ச் வெளிச்சத்தை ஒரு நொடி காட்டிப் பாருங்கள். மிளகைவிடச் சிறிய, ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஆரஞ்சு நிற முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகத் தெரியும். பெரும்பாலும் 30-இலிருந்து 100 வரை இருக்கும். தகப்பன் துடுப்புகளாலும் வாலாலும் ஓயாமல் விசிறுகிறது. இடையிடையே வாயால் கொத்தைத் துடைக்கிறது. தாயின் வேலை முட்டையிட்டதோடு முடிந்தது. அது சாவகாசமாகப் பூசணித் துண்டில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். முதல்முறை தகப்பனாகும் ஆண், பதற்றத்தில் முட்டைக் கொத்தை வெளியே தள்ளிவிடுவதுண்டு. அப்படித் தள்ளினால், கொத்தை பிரீடிங் பாக்ஸில், அதாவது தொட்டிக்குள் தொங்கவிடும் சிறு பெட்டியில், இட்டு, ஏர் ஸ்டோன் குமிழிகள் அதை மெல்ல அசைக்கும்படி வைத்துப் பாருங்கள். வெளுத்துப் பூஞ்சை படர்ந்தவற்றை உடனே நீக்குங்கள்.

நான்கு முதல் ஏழு நாட்களில் பொரிக்கும். அப்போது குஞ்சு என்று சொல்ல அதிகம் இருக்காது. ஒரு மஞ்சள் கரு உருண்டை, அதில் துடிக்கும் ஒரு வால், குழாய்ச் சுவரைக் கவ்வியிருக்கும் ஒரு வாய். அந்தக் கரு, தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அது தீர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், அதுவரை தீனி எதுவும் தேவையில்லை. தகப்பனின் காவலும் அதுவரைதான்.

கலப்புத் தொட்டியில் குஞ்சுகள் அழிவது அதற்குப் பிறகு. ஏஞ்சல், சிக்லிட், போட்டியா லோச் இருந்தால் காரணம் தேட வேண்டாம், அவற்றின் வயிற்றுக்குள் போயிருக்கும். ஃபில்டர் உறிஞ்சும் குழாயில் ஸ்பாஞ்ச் மாட்டாவிட்டால் அதுவும் விழுங்கிவிடும். ஆனால் சாதுவான மீன்கள் மட்டுமே உள்ள தொட்டியிலும் குஞ்சுகள் குறைகின்றனவே, அதற்குக் காரணம் பசி. இந்தக் குஞ்சுகள் இரவும் பகலும் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டியவை. கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் தொட்டியில் அவற்றுக்கு மேய என்ன இருக்கிறது?

[காட்சி: கண்ணாடியில் ஒட்டியிருக்கும் குஞ்சு, வெளிப்பக்கத்திலிருந்து.]

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் குஞ்சின் வயிற்றை வெளியிலிருந்து பாருங்கள். தோல் மெல்லியது, உள்ளே தெரியும். வயிறு உருண்டையாக இருந்தால், கீரை தின்று பச்சை நிறம் தெரிந்தால், நன்றாக இருக்கிறது. உள்ளே குழிந்திருந்தால் அது பட்டினி. ஓரிரு நாளில் இறந்துவிடும். தினமும் இதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அதனால் மஞ்சள் கரு ஏறக்குறைய தீரும் சமயத்தில் குழாயை வாசல் மேல்நோக்கி இருக்கத் தூக்கி, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் சரித்துக் குஞ்சுகளை இறக்குங்கள். தகப்பனும் சேர்ந்து வரும். வலையால் பிடிக்காதீர்கள்: பயந்தால் கன்னத்திலுள்ள கொக்கி முட்களை விரிக்கும், அவை வலையில் சிக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கையாலேயே தொட்டிக்குத் திருப்பி விடுங்கள். குஞ்சுகளைத் தொட்டிக்குள் தொங்கும் பிரீடிங் பாக்ஸுக்கு மாற்றுங்கள். அதே தண்ணீர், அதே வெப்பம். தீனி மட்டும் முழுவதும் அவற்றுக்கே.

பாக்ஸில் எப்போதும் ஒரு துண்டுச் சுரைக்காயோ வெந்த பசலைக்கீரையோ இருக்க வேண்டும். காலையும் மாலையும் மாற்றுங்கள், நம் வெயிலில் சீக்கிரம் அழுகும். உலர்ந்த நாட்டுவாதுமை இலை ஒன்றைப் போட்டுவையுங்கள்; அதன்மேல் படரும் நுண்ணுயிர்ப் படலத்தைக் குஞ்சுகள் விரும்பி மேயும். பொடித்த பாசி வில்லையும் கொடுக்கலாம். அடியில் சேரும் கழிவை ஒரு சிறு குழாயால் தினமும் உறிஞ்சி எடுங்கள். இவ்வளவும் செய்தால் இரண்டு, மூன்று மாதங்களில் இரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடும். அந்த அளவில் கடைக்கோ நண்பர்களுக்கோ தாராளமாகக் கொடுக்கலாம்.

அதற்குள் தகப்பன் அடுத்த கொத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். நல்ல ஜோடி நான்கைந்து வாரங்களுக்கு ஒருமுறை முட்டையிடும். இடம் போதவில்லை என்று ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகிவிட்டன. அண்ணன், தங்கைகளையே ஜோடி சேர்த்துக்கொண்டும் போகாதீர்கள், இரண்டு மூன்று தலைமுறைகளில் வளைந்த முதுகோடு குஞ்சுகள் வரத் தொடங்கும். புதிய பெண்ணை வேறு இடத்திலிருந்து வாங்குங்கள். சிறிது காலம் நிறுத்த நினைத்தால் குழாயை எடுத்துவிட்டு, மரத்துக்கு அடியில் உள்ள இடுக்குகளையும் கல்லால் அடைத்துவிடுங்கள். பொந்து கிடைக்காத ஆண் முட்டையிட அழைக்காது.